எடைக்குப் போகிற சரித்திரம்: சேலத்தில் பழைய வரலாற்று நூல் தேட ஒரு முழு வழிகாட்டி

அம்மாப்பேட்டையில் எனக்குப் பழக்கமான பழைய பேப்பர் கடை ஒன்று உண்டு. கடைக்காரர் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் அன்றைக்கு வந்த சரக்கைப் பிரிக்க உட்காருவார். தினசரி ஒரு பக்கம், பள்ளிக்கூட நோட்டு ஒரு பக்கம், அட்டைப்பெட்டி ஒரு பக்கம். கெட்டி அட்டை போட்ட புத்தகம் வந்தால், முதுகில் கைவைத்து ஒரே இழுப்பில் அட்டையைப் பிய்த்துத் தனியே போட்டுவிடுவார். அட்டைக்கு ஒரு விலை, உள்தாளுக்கு ஒரு விலை. அந்த இழுப்புக்கு முன்னால் போய் நிற்பதுதான் சுமார் பத்து வருஷமாக என் பொழுதுபோக்கு.

வேலைக்குப் போகிறவர், வீட்டில் ஒரு பீரோவுக்குத்தான் இடம் இருக்கிறது, ஊர்ச் சரித்திரத்தில் கொஞ்சம் பித்து உண்டு. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கே தேடுவது, கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது, எவ்வளவு கொடுப்பது, எதை வாங்கக் கூடாது, எங்கே நிறுத்திக்கொள்வது என்று வரிசையாகப் போகலாம்.

1. முதலில் வேலி போடுங்கள்

"சரித்திரப் புத்தகம் சேர்க்கிறேன்" என்று கிளம்பினால் இரண்டு வருஷத்தில் வீட்டில் நடக்க வழி இருக்காது. எனக்கு அதுதான் நடந்தது. முகலாயர், பிரெஞ்சுப் புரட்சி, சோழர், இரண்டாம் உலகப் போர் என்று மலிவாகக் கிடைத்ததையெல்லாம் அள்ளினேன். சேலத்தில் குகை என்ற பேட்டையிலிருந்து அஸ்தம்பட்டிக்கு வீடு மாறிய அன்றைக்கு, சாமான் ஏற்ற வந்தவர் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சார், அம்மிக்கல்லா?" என்றார். நாலு மூட்டை அம்மிக்கல். அதில் நான் முழுதாகப் படித்தவை பத்துக்கு மேல் இருக்காது.

அப்புறம்தான் வேலி போட்டேன்: பழைய சேலம் மாவட்டம், அவ்வளவுதான். நீங்கள் வேறு வேலி போடலாம். கைத்தறி, காபித் தோட்டம், ஒரு சாதியின் சங்கம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு வட்டம், எதுவாகவும் இருக்கட்டும். ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிந்தால் போதும்.

சேலம் என்று வேலி போடுகிறவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தக அட்டையில் இருக்கும் சேலமும் இன்றைய சேலமும் ஒன்றல்ல. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. அலெக்சாண்டர் ரீடு நிர்வாகத்துக்கு வந்தார். அவருக்கு உதவியாளராகத் தாமஸ் மன்றோ. ஓசூர்ப் பக்கம் 1799-க்குப் பிறகுதான் சேர்ந்தது. தருமபுரி 1965-இல் தனி மாவட்டமாகப் பிரிந்தது, நாமக்கல் 1997-இல். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். ஆக, 1883-இல் அச்சான "சேலம்" என்ற நூலில் ஓசூர்க் கோட்டையும் இருக்கும், நாமக்கல் மலையும் இருக்கும். தருமபுரிக்காரரும் நாமக்கல்காரரும் தங்கள் ஊரைத் தேட வேண்டியது சேலம் என்ற பெயருக்குக் கீழேதான். தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்), கொங்கு, பாரமகால் என்ற பெயர்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தின் முதுகில் அவற்றில் எது வேண்டுமானாலும் இருக்கும்.

சேர்வராயன் மலைக்கும் இதே கதை. சேர்வராயன்தான் ஆங்கிலேயர் வாயில் "ஷெவராய்" ஆனது. இன்னொரு பொறி: சேலத்துப் பழைய நூல்களில் "மலையாளி" என்று வந்தால் பெரும்பாலும் கேரளக்காரரைச் சொல்லவில்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைகளில் வாழும் பழங்குடி மக்களின் பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தோம் என்று அவர்கள் தங்கள் கதையைச் சொல்வார்கள், பேசுவது தமிழ். இது தெரியாமல், "கேரளத்தைப் பற்றியது" என்று ஒரு சிறு நூலை நானே ஒருமுறை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மறுவாரம் போனபோது அது காகித மில்லுக்குப் போய்விட்டிருந்தது.

2. பெரிய நூல்களைப் படியுங்கள், வாங்க அலையாதீர்கள்

சேலத்துக்கு மூன்று அடிப்படை நூல்கள். லெ ஃபானு தொகுத்த மாவட்டக் கையேடு, 1883, இரண்டு தொகுதி. எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியர் (அரசு வெளியிடும் மாவட்ட விவர நூல்), 1918. சுதந்திரத்துக்குப் பிறகு ஏ. ராமசாமி எழுதிய கெசட்டியர், 1967. முதல் இரண்டும் ஸ்கேன் வடிவில் இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. தமிழ் நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் முதலில் தேடுங்கள்.

மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒரே ஊரைப் பற்றிப் படித்துப் பாருங்கள். சங்ககிரியை எடுத்துக்கொள்ளுங்கள், ஏற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார் என்பது தெரிந்துவிடும். லெ ஃபானுவின் நூல் வெளிவந்தது 1882 சேலம் கலவரத்துக்கு அடுத்த வருஷம். அந்த வழக்கில் தண்டனை பெற்று, மேல்முறையீட்டில் விடுதலையான சேலம் விஜயராகவாச்சாரியார்தான் 1920-இல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். ஒரு மாவட்ட அதிகாரி 1883-இல் இந்த ஊரை எப்படிப் பார்த்திருப்பார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டிய நூல் அது.

இந்த நூல்களின் காகிதப் பிரதி உங்கள் வீட்டில் இருப்பதால் யாருக்கும் புதிதாக எதுவும் கிடைக்கப் போவதில்லை. ஒரே விதிவிலக்கு, மடித்து ஒட்டிய வரைபடம். ஸ்கேன் செய்தவர்கள் பல நேரம் அதைப் பிரிக்காமலே ஸ்கேன் செய்துவிட்டார்கள். வரைபடம் முழுசாக உள்ள பிரதி நியாயமான விலைக்கு வந்தால் வாங்கலாம்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? நீங்கள் எடுக்காவிட்டால் மில்லுக்குத்தான் போகும் என்ற நிலையில் இருப்பதை. கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர், சங்க மாநாட்டு அறிக்கை, தலபுராண வசனம், கூட்டுறவுச் சங்கத்தின் வெள்ளிவிழா மலர், தேர்தல் துண்டுப் பிரசுரம், சொந்தச் செலவில் ஒருவர் அச்சடித்த குடும்ப வரலாறு. இவற்றை நூலகம் வாங்கியிருக்காது, பல்கலைக்கழகம் கேட்டிருக்காது. இருநூறோ முந்நூறோ அடித்து, விழா முடிந்ததும் பரணில் போட்டிருப்பார்கள். என் பீரோவில் பாதி இந்தச் சரக்குதான். மீதிப் பாதியைக் கொடுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

3. எங்கே, எப்போது

பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றி விற்கும் பழைய புத்தகங்களில் பெரும்பகுதி பாடப்புத்தகமும் போட்டித் தேர்வு கைடும்தான். வரலாறு என்று கேட்டால் குரூப் தேர்வுக்கான புத்தகத்தை எடுத்து நீட்டுவார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் பிழைப்பு அது. "பழைய மலர், விழா மலர், கோயில் புஸ்தகம் ஏதாவது இருக்கா அண்ணா?" என்று கேளுங்கள். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கட்டு வரலாம்.

உண்மையான வேட்டை பழைய பேப்பர் கடைகளில்தான். செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாப்பேட்டை போன்ற பழைய பேட்டைகள் நல்லவை. பல தலைமுறையாக ஒரே வீட்டில் இருக்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. புதிதாக எழுந்த நகர்களில் பரண் இருக்கும், பரணில் தாத்தா இருக்க மாட்டார்.

இரண்டு மூன்று கடைகளைப் பிடித்துக்கொண்டு அவற்றுக்கே தொடர்ந்து போங்கள். கடைக்காரருக்கு உங்கள் முகம் பழக வேண்டும், என்ன தேடுகிறீர்கள் என்பதும் பழக வேண்டும். நான் ஒரு பழைய கோயில் மலரைக் கையில் கொடுத்து, "இந்த மாதிரி அட்டையில அம்மன் படமோ, ஏதாவது தலைவர் படமோ போட்டு வந்தா எடுத்து வைங்கண்ணா" என்று சொன்னேன். "வரலாறு" என்று சொல்லியிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. படம் அவருக்குப் புரிந்தது.

காலம் முக்கியம். போகிக்கு முந்தின இரண்டு வாரமும் பண்டிகைக் காலமும்தான் அறுவடை. வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்வார்கள். போகி அன்றைக்குக் காலையில் போனால் நெருப்பில்தான் பார்க்க முடியும். ஆயுத பூஜைக்கு முன்னால் அலுவலகங்களும் அச்சகங்களும் சுத்தம் செய்கின்றன. மே மாதக் கடைசியில் நோட்டுப் புத்தகம் மலையாகக் குவிந்து மற்றதையெல்லாம் மூடிவிடும். அந்த மாதம் பேசாமல் ஏற்காட்டுக்குப் போய்விடுங்கள்.

ஏற்காட்டில் பழைய புத்தகக் கடை என்று தேடிப் பிரயோஜனமில்லை. அங்கே புத்தகம் இருப்பது எஸ்டேட் பங்களாக்களிலும், பள்ளிகளிலும், ஓய்வு பெற்றவர்கள் வீடுகளிலும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபி வைத்த மலை அது. அதிலிருந்து தலைமுறை தலைமுறையாக வந்தவர்கள் விட்டுப்போன சரக்கு அலமாரிகளில் கிடக்கிறது. வீடு கைமாறும்போது வெளியே வரும். தோட்டத்தில் கணக்கு எழுதுகிறவர், மரத்தச்சர், பழைய மரச்சாமான் வாங்குகிறவர், இந்த மூவரில் ஒருவரோடு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தேக்கு பீரோவை வாங்குகிறவருக்கு உள்ளே இருக்கும் புத்தகம் இடைஞ்சல்.

நீங்கள் மறந்துவிடக்கூடிய இன்னொரு இடம், வக்கீல் வீடுகளும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் வீடுகளும். துக்க வீட்டில் புத்தகம் கேட்டுப் போகாதீர்கள். காரியம் எல்லாம் முடிந்து, அவர்களே "இதையெல்லாம் என்ன செய்யறதுன்னு தெரியல" என்று சொல்லும் வரை பொறுங்கள்.

4. கையில் எடுத்ததும்

அட்டையைப் பார்க்காதீர்கள், பின்பக்கத்தைத் திறங்கள். பழைய புத்தகத்தில் முதலில் உதிர்வது கடைசிப் பாரம். பைண்டிங் செய்கிறவர்கள் மடித்த அச்சுத்தாள் ஒவ்வொன்றையும் பாரம் என்பார்கள். பெரும்பாலும் 16 பக்கம். பழைய அச்சில் ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும் அடி ஓரத்தில் சின்னதாக ஓர் எண் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று அந்த எண்ணை மட்டும் தட்டிக்கொண்டே போனால் இருநூறு பக்கத்தை ஒரு நிமிஷத்தில் சரிபார்த்துவிடலாம்.

அடுத்து பூச்சி. பக்கத்தின் மேல்தோலை மட்டும் வழித்ததுபோல் இருந்தால் இராமபாணம். குண்டூசி குத்தியதுபோல் வட்டத் துளை ஊடுருவிப் போனால் வண்டின் புழு. மண் ஒட்டியிருந்தால் கரையான். முதலாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டும் உயிரோடு இருக்கிறதா என்று தரையில் தட்டிப் பாருங்கள். புதுசாக மாவு கொட்டினால் உள்ளே ஆள் இருக்கிறது. தாள் உடைகிறதா என்று பார்க்கக் கடையில் நின்று மூலையை மடிக்காதீர்கள். பக்கத்தைப் புரட்டும் சத்தமே சொல்லும்: நல்ல தாள் சலசலக்கும், மக்கின தாள் சுள்ளி முறிவதுபோல் பேசும்.

இனி வயது. தமிழ்ச் சிறு நூல்களில் ஆண்டு போடாமல் விடுவது சர்வ சாதாரணம். துப்பறிய வேண்டும்.

தமிழ் ஆண்டுப் பெயர் இருந்தால், அது அறுபது வருஷச் சுற்று என்பதை மறக்காதீர்கள். "சர்வசித்து" என்றால் 1947-48 ஆக இருக்கலாம், 1887-88 ஆகவும் இருக்கலாம். திருவள்ளுவர் ஆண்டு இருந்தால் 31-ஐக் கழியுங்கள். விலையைப் பாருங்கள். "ரூ. 2-8-0" என்றால் இரண்டு ரூபாய் எட்டணா, அதாவது இரண்டரை ரூபாய். நாணயம் தசம முறைக்கு மாறியது 1957 ஏப்ரலில். "ந.பை." என்று இருந்தால் அது நயா பைசா, 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட காலம். முகவரியைப் பாருங்கள். ஆறு இலக்க அஞ்சல் குறியீடு 1972 ஆகஸ்டு 15-இல் வந்தது. "சென்னை-1" என்று மட்டும் இருந்தால் அநேகமாக அதற்கு முன். "தமிழ்நாடு அரசு" என்று இருந்தால் 1969-க்குப் பின். உள்ளே விளம்பரம் இருந்தால் தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள். மூன்று இலக்க எண் போட்ட வெள்ளிக் கொலுசுக் கடை விளம்பரத்தைப் பார்க்கும்போது ஒரு சந்தோஷம் வரும், அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

எழுத்துருவை மட்டும் வைத்து அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். யானைத் தும்பிக்கை போட்ட பழைய "லை", "னை" 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்குப் பிறகு போய்விட்டன என்று நினைக்கிறோம். சின்ன அச்சகங்களிடம் பழைய ஈய எழுத்து இருந்தவரை அதிலேயே அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம், பெரியார் தன் குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்தை 1935-லேயே கொண்டுவந்துவிட்டார்.

ஒரு நிஜ உதாரணம். போன வருஷம் ஒரு கட்டுக்கு நடுவில் எட்டுப் பக்கத் துண்டுப் பிரசுரம் கிடைத்தது. அட்டை இல்லை, ஆண்டு இல்லை, அச்சகத்தின் பெயர் இருந்த இடம் கிழிந்திருந்தது. எழுத்து சீர்திருத்த எழுத்து. "1978-க்குப் பிந்தியதுதானே" என்று கீழே போடப் போனேன். பின்பக்கத்தைத் தடவினால் விரலில் எழுத்து தட்டுப்பட்டது. ஈய எழுத்து தாளை அழுத்திய மேடு. கடைசிப் பக்கத்தில் "விலை 2 அணா". ஆக, 1957-ஐ ஒட்டியோ அதற்கு முன்போ. உள்ளே இரண்டு இடத்தில் "திராவிடர் கழகம்". நீதிக்கட்சிக்கு அந்தப் பெயர் சூட்டப்பட்டது எங்கே? இதே சேலத்தில், 1944 ஆகஸ்டு மாநாட்டில். எனவே 1944-க்குப் பின், 1957-ஐ ஒட்டி அல்லது முன். அம்மாப்பேட்டைக் கடைத் திண்ணையில், எடைத் தராசுக்குப் பக்கத்தில் குந்தியபடியே பதின்மூன்று வருஷத்துக்குள் அதை அடைத்துவிட்டேன். கடைக்காரர் அதற்குக் காசே வாங்கவில்லை. "எட்டுப் பக்கம், என்னத்த எடை போட?" என்றார்.

5. விலை

பழைய பேப்பர் கடையில் என் கணக்கு எளிது. மில் கொடுக்கும் கிலோ விலைக்கு இரண்டு பங்கு கொடுப்பேன்; அட்டையோடு சேர்த்து நிறுப்போம். அவருக்கும் லாபம், எனக்கும் மனசு உறுத்தாது. அபூர்வமானது கிடைத்தால் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு அதே விலைக்கு அமுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. அடுத்த முறை அவர் எடுத்து வைக்க வேண்டும் அல்லவா?

பழைய புத்தகக் கடையிலும் இணையத்திலும் கணக்கு வேறு. "அபூர்வம்", "முதல் பதிப்பு" என்ற இரண்டு சொல்லையும் காதில் வாங்காதீர்கள். ஒருமுறை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம், பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல் என்று சொன்னதை நம்பி 1,800 ரூபாய் அனுப்பினேன். புகைப்படத்தில் தலைப்புப் பக்கம் மட்டும் காட்டியிருந்தார். வந்தது பளபளத்த வெள்ளைத்தாளில், பழைய பக்கங்களை அப்படியே படமெடுத்து அடித்த மறுபதிப்பு. தலைப்புப் பக்கத்தில் பழைய ஆண்டுதான் இருந்தது. அதன் பின்பக்கத்தில் இருந்தது உண்மை. அன்றிலிருந்து நான் நான்கு படம் கேட்பேன்: தலைப்புப் பக்கத்தின் பின்பக்கம், கடைசிப் பக்கம், முதுகு, மேலிருந்து பார்த்த தாளின் விளிம்பு. அனுப்பத் தயங்கினால் வேண்டாம்.

சரி, படிக்க வேண்டும் என்றால் மறுபதிப்பே மேல். தாள் உறுதியாக இருக்கும், பென்சிலால் கோடு போடலாம். பழசுக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம், அவ்வளவே.

6. தொடக் கூடாதவை

நூலக முத்திரை உள்ள புத்தகம் நிறைய வரும். கழித்துக்கட்டியதற்கான முத்திரையும் சேர்ந்து இருந்தால் பயமில்லை. இல்லாவிட்டால், யாரோ இரவல் எடுத்துத் திருப்பாமல் விட்டதாக இருக்கலாம். எடைக்கு வாங்கி, அந்த நூலகத்திலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். நான் இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். ஒரு முறை நன்றி சொன்னார்கள். இன்னொரு முறை, இத்தனை வருஷத்துக்கு அபராதம் யார் கட்டுவது என்று என்னையே கேட்டார்கள்.

ஓலைச்சுவடி, செப்பேடு, பழைய கையெழுத்து ஆவணம் இவற்றை வாங்கி வீட்டில் வைக்கும் ஆசை வேண்டாம். வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டுக்கு மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் தொல்பொருளாகவே வரும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சட்டம் ஒருபுறம் இருக்க, ஓலையைப் பராமரிக்க உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடையில் கண்டால் சேலம் அரசு அருங்காட்சியகத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

புத்தகத்திலிருந்து வெட்டி எடுத்த வரைபடம், படத்தாள் ஆகியவற்றை வாங்காதீர்கள். ஒன்றை வாங்கினால் அடுத்த புத்தகத்திலும் கத்தி வைப்பார்கள்.

7. வீட்டுக்குள் விடுவதற்கு முன்

இந்தப் படியைத் தாண்டிப் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு ஜூலை மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு பெட்டி நிறையப் புத்தகம் வந்தது. மலையில் மழை, மூடுபனி. பெட்டியைத் தொட்டாலே சில்லென்று இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவையும் அதை மடியில் வைத்துக்கொண்டே இறங்கினேன். வந்த சந்தோஷத்தில் நேரே பீரோவில் அடுக்கினேன். மூன்று வாரம் கழித்துத் திறந்தால் ஈரச் சாக்கு வாசம். புது வரவில் இருந்த பூஞ்சை பக்கத்துத் தட்டுக்கும் பரவியிருந்தது. "கிடைக்காத பொருளைத் தேடிப் போய், தேடாத பொருளை வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள் மனைவி.

இப்போது எதுவும் நேரே உள்ளே போவதில்லை. பால்கனியில் ஒரு மேஜை. நிழல், மின்விசிறிக் காற்று, புத்தகத்தை விசிறிபோல் விரித்து நிறுத்தி ஒரு வாரம். நேர் வெயில் கூடாது. சேலத்து வெயில் ஈரத்தோடு பசையின் உயிரையும் எடுத்துவிடும். பூஞ்சையை மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான தூரிகையால் துடையுங்கள். ஈரத்துணி வேண்டாம்.

பூச்சிக்கு ஃப்ரீசர். புத்தகத்தைக் காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி, வீட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே விட்டால் வெளியில் கோக்கும் நீர் தாளில் படாது. பூஞ்சையை இது கொல்லாது, தூங்கத்தான் வைக்கும். பாச்சை உருண்டையை நான் விட்டுவிட்டேன். அந்த வாசம் புத்தகத்தைவிட்டுப் போவதே இல்லை, நமக்கும் நல்லதல்ல. வசம்புத் துண்டைத் துணியில் முடிந்து வைக்கிறேன். ஓலைச்சுவடிக் காலத்துப் பழக்கம். பயன் எவ்வளவு என்று கேட்காதீர்கள், வாசம் பிடிக்கிறது.

செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பத்து வருஷத்தில் டேப் உதிரும், பழுப்புக் கறை மட்டும் நிற்கும். கிழிசலுக்கு மெல்லிய தாளும் மைதாப் பசையும் போதும். பைண்டிங் கொடுத்தால் மூன்று பக்கமும் வெட்டி நேராக்க வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லுங்கள். ஒரு முறை சொன்னால் வெட்டிவிடுவார்கள், ஓரத்தில் யாரோ எழுதிய குறிப்போடு சேர்த்து.

பரணில் வைக்காதீர்கள். மொட்டைமாடிக்கு அடியில் இருக்கும் பரண் ஏப்ரலில் அடுப்பு. சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி பீரோவை வையுங்கள்.

8. நோட்டுப் போடுங்கள்

பெயர், ஆண்டு அல்லது ஊகித்த ஆண்டு, எங்கே கிடைத்தது, என்ன விலை, உள்ளே சேலத்தைப் பற்றி என்ன இருக்கிறது. கடைசிக் கட்டம்தான் முக்கியம். கும்பாபிஷேக மலரில் நன்கொடையாளர் பட்டியல் இருந்தால் எந்தெந்தத் தெரு என்று எழுதுங்கள். யாராவது தன் கொள்ளுத்தாத்தாவைத் தேடி வருவார்.

செல்போனிலேயே படமெடுத்து வைக்கலாம். எழுதியவர் இறந்து அறுபது ஆண்டு முடிந்திருந்தால் பதிப்புரிமை இல்லை. தாராளமாக ஸ்கேன் செய்து பொதுவில் போடலாம். மற்றவற்றைப் பொதுவில் போடுவதற்கு முன் அந்தக் குடும்பத்தையோ சங்கத்தையோ கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் பெரும்பாலும், "எங்ககிட்டயே ஒரு காப்பி இல்லீங்க, அனுப்புங்க" என்றுதான் சொன்னார்கள்.

9. எங்கே நிறுத்துவது

மூன்றடி அகலத் தட்டில் முப்பது முப்பத்தைந்து புத்தகம் நிற்கும். ஐந்து தட்டு பீரோ என்றால் நூற்று எழுபது என்று வையுங்கள். அதுதான் என் எல்லை. புதிதாக ஒன்று வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். வீட்டில் பேசி முடித்த ஒப்பந்தம் இது. இரண்டு முறை மீறியிருக்கிறேன், இரண்டு முறையும் பிடிபட்டேன். மலர்கள் ஒல்லியாக இருப்பதால் ஒரு புத்தகத்துக்கு ஐந்து மலர் என்று ஒரு கிளைச் சலுகையும் வாங்கியிருக்கிறேன்.

இன்னொரு எல்லை, படிப்பது. வாங்கி ஒரு வருஷத்தில் நோட்டில் அந்தக் கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தால், அது என்னிடம் இருக்க வேண்டிய புத்தகம் இல்லை.

மூன்றாவது எல்லையை யாரும் பேச விரும்புவதில்லை: நமக்குப் பிறகு. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்கள், 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியதால் சிதறாமல் தப்பின. 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் ஆனது. பல்லாவரத்தில் 1863-இல் பழைய கற்காலக் கோடரியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பிற்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்தவர். தான் சேர்த்த கற்கருவிகளை எல்லாம் உயிரோடு இருக்கும்போதே, 1904-இல், சென்னை அருங்காட்சியகத்துக்கு விற்றுவிட்டார். பிறகு உட்கார்ந்து அவற்றுக்குப் பட்டியல் எழுதினார். அது அச்சானது அவர் காலத்துக்குப் பின், 1914-லும் 1916-லும். நம் பீரோவுக்காக சிகாகோவிலிருந்து யாரும் வரப் போவதில்லை. ஃபுட் செய்ததை நம் அளவில் செய்யலாம்.

கோயில் மலர் அந்தக் கோயிலுக்கு, பள்ளி மலர் அந்தப் பள்ளிக்கு, மாநாட்டுப் பிரசுரம் ஆராய்ச்சி நூலகத்துக்கு. கொடுப்பதற்கு முன் போன் செய்து கேளுங்கள். கேட்காமல் கொண்டுபோய் இறக்கினால் அவர்களும் எடைக்குத்தான் போடுவார்கள். போன தீபாவளிக்கு என் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்: "யாருக்கு". நூற்று எழுபதில் இதுவரை நாற்பத்திரண்டுக்கு விடை எழுதியிருக்கிறேன். அந்த எட்டுப் பக்கப் பிரசுரத்துக்கு நேரே பென்சிலால் ஒரு பெயர் எழுதி, அழித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.